அவர்கள் மரத்துப் பால்

மச்சான்,

பக்கத்து சைக்கிள் கடைச் சீனர் இன்று பழைய டியூப்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். ரப்பர் தீயும் நாற்றம் என் தையல் கடைக்குள் வந்ததும் கை நின்றுவிட்டது. ரப்பர் தோட்டத்தை விட்டு ஜொகூர் பாருவுக்கு வந்து இத்தனை வருடமாகிறது. நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இன்னும் அந்த நாற்றத்துக்கு எனக்குக் கண்ணீர் வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

பாலோ ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் என் அக்கா அஞ்சலையைக் காய்ச்சல் கொண்டுபோனபோது அவளுக்கென்று ஒரு போட்டோகூட இல்லை. காரியம் முடிந்த மறுவாரம் நீங்கள் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையைத் தூக்கிவந்து நம் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்தீர்கள். மரத்தடியில் சிந்திக் காய்ந்து, யாரும் பொறுக்காமல் விட்ட ரப்பர் துண்டுகளைத் தணலில் வாட்டி, இழுத்து, ஒட்டி, அவள் கன்னத்தின் கறுப்பைக் கொண்டுவந்தீர்கள். கரியில் தோய்த்த தேங்காய் நார்தான் தலைமுடி. பால் டின்னை வெட்டி மூக்குத்தி செய்தீர்கள். அதில் பாதி இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது. பொட்டுக்குச் சீனன் கடைச் சிவப்புக் காகிதம். தோளில், அவள் தினமும் வேலைக்குக் கட்டிப்போன பூப்போட்ட மலாய் 'பாத்திக்' கைலியின் கிழிசல்.

பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரியோடு மலாயிலேயே சண்டை போட்டுவிட்டு, அன்று சாயங்காலம் அவளிடமே கீரை வாங்கிவந்தவள் அக்கா. அவள் அப்படியே பலகையில் இருந்தாள்.

"இப்ப வாயத் தொறந்து ஏசப் போவுது மச்சான்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அவள் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

பெரிய கங்காணி வந்து பார்த்து முகம் சுளித்தார். "என்னய்யா இது? மலாய்க்காரி துணி, சீனன் காகிதம், டின்னு... பாக்கிறவன் நம்மள யாருன்னு நெனைப்பான்? நல்ல சேலை ஒண்ணச் சுத்தி விடு."

"அவ கட்டினதத்தான் போட்டிருக்கேன். நீங்க எடுத்துக் குடுத்த சேல ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க, சுத்திடறேன்" என்றீர்கள்.

பிறகு துரை வீட்டுக்கு விருந்தாளியாக வந்த வெள்ளைக்காரர் அதைப் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். ஏதோ சொன்னார். கூட வந்த ஆபீஸ் குமாஸ்தா, நம் கிராணி, தமிழில் சொன்னார்: "இத ஜொகூர் பாரு கண்காட்சிக்குக் கேக்கிறாரு. ஆனா டின்னு, கைலி எல்லாத்தையும் எடுத்துரணுமாம். சுத்தமான தமிழச்சி மாதிரி இல்லியாம்."

"அந்தச் சுத்தமான தமிழச்சிய இவரு எங்க பாத்தாராம்? எம் பொண்டாட்டியத் தர முடியாதுன்னு சொல்லுங்க."

மறுநாள் பால் வெட்டிவிட்டு வந்து பார்த்தால் சுவரில் பலகை மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. ஆபீசுக்கு ஓடினோம். துரை நாற்காலியை விட்டு எழவில்லை. கிராணி வழியாகப் பதில் வந்தது. அந்த ரப்பர், தோட்டத்து மரத்தில் வடிந்தது, ஆகவே அது தோட்டத்துச் சொத்தாம். நீங்கள்தான் திருடனாம். பெரிய கங்காணி பக்கத்தில் நின்று தலையாட்டினார். நம்மை யார் என்று நினைப்பார்களோ என்று கவலைப்பட்டவர்!

ரயிலேறி இந்த ஜொகூர் பாருவுக்கு வந்தோம். கண்காட்சி மண்டபத்தில், பாடம் செய்து வைத்த முதலைக்கும் கூடைகளுக்கும் நடுவில் அக்கா இருந்தாள். கைலியைப் பிய்த்துவிட்டு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். மூக்கில் பெரிய பித்தளை வளையம். கீழே ஒரு அட்டை. அங்கே வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் அதைப் படிக்கச் சொன்னேன்.

"தமிழ்க் கூலிப் பெண் எண்டு எழுதியிருக்கு" என்றார்.

"பேரு போடலீங்களா?"

"இல்லை" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

நீங்கள் கயிற்றைத் தாண்டிக் குதித்தீர்கள். தூக்கிக்கொண்டு ஓடப் போகிறீர்கள் என்று நானும் தயாரானேன். நீங்களோ கன்னத்துக்கு அடியில் நகத்தைக் கொடுத்து உரித்தீர்கள். முகம் முழுசாகக் கையோடு வந்தது. ஓடிவந்த அந்த வெள்ளைக்காரர் காலடியில் அதை வீசினீர்கள்.

"இந்தா, ஒங்க ரப்பரு! எம் பொண்டாட்டி இதுல இல்ல!"

போலீஸ், ஜெயில், தோட்டத்தில் இடமில்லை என்ற சொல், எல்லாம் வரிசையாக வந்தது. வெளியே வந்த பிறகு எத்தனை முறை கெஞ்சினேன், இன்னொன்று செய்யுங்கள் என்று! "அவங்க மரத்துப் பாலு எனக்கு வேணான்டா" என்பதோடு முடித்துக்கொண்டீர்கள். களிமண் இருந்ததே மச்சான். கரி இருந்தது. உங்கள் விரல்களில் அவள் இருந்தாள். சாகும்வரை அவளை வெளியே விடாமலே போய்விட்டீர்கள். அவள் உங்களுக்குப் பெண்டாட்டி மட்டும்தானா? என்னோடு கூடப் பிறந்தவள். எனக்கும் இருந்தது அந்த ஒரு முகம்தான்.

இப்போது அவளை நினைத்துப் பார்த்தால் மூக்கு நினைவில் வருகிறது, கண் வர மறுக்கிறது. ஏசுகிற குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. கடைக்கு வருகிறவர்கள் வாயில் 'கூலி' என்ற சொல் வந்தால் போதும், துணியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கக்கா பேரு அஞ்சலை" என்கிறேன். யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த அட்டையை எழுதியவன், எடுத்துப்போனவன், தலையாட்டியவன் எல்லாரும் அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர்களைத் தாண்டி உங்கள் முறை வரட்டும், பார்க்கலாம்.