நிறுத்தம்தோறும் நின்ற வேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், அம்மா, உன் தங்கை மூவரும் சுகம். என் முட்டிவலி என்னைவிடச் சுகமாக இருக்கிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நான் நம்புகிறேன், அம்மா நம்பவில்லை. போனில் பேசினால் போதாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பிடுங்கிக்கொண்டு நீ இளைத்துவிட்டாய் என்று ஆரம்பித்துவிடுகிறாள், குரலில் எப்படி இளைப்பு தெரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதோடு ஒரு விஷயத்தை உனக்கு எழுத்தில்தான் அனுப்ப வேண்டும் என்று சின்னவள் உத்தரவு போட்டிருக்கிறாள். அது கடைசியில் வரும். நீ அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, வரிசையாக வா.

முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தவனை அம்மா மூன்று மாதம்தான் பொறுத்துக்கொண்டாள். உங்கள் பழைய கல்லூரியில் வேன் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று சின்னவள் வந்து சொன்னதும் என்னைக் கேட்காமலே அம்மா சரி என்றுவிட்டாள். பெண்கள் கூடைப்பந்து அணியை ஆட்டத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் வேலை. நீ ஆடிய அதே அணி. நீ ஆடிய மைதானம் இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா, ஒரு பக்கத்துக் கூடை கழன்று விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது, மாட்டுவார் இல்லை. அதனால் எல்லா ஆட்டமும் அடுத்தவர் மைதானத்தில்தான். முதல்வருக்கோ அந்த இடத்தில் ஆசிரியர்களின் கார்களை நிறுத்த வேண்டும் என்று ஆசை. இந்த வருஷம் ஆறு ஆட்டத்தில் ஒன்றிலாவது ஜெயிக்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவேன் என்று எழுதி நோட்டீஸ் பலகையிலேயே ஒட்டிவிட்டார். சின்னவள்தான் இந்த வருஷம் கேப்டன். அன்று வீட்டுக்கு வந்து தட்டில் போட்டதைத் தொடாமல், அக்கா ஆடின டீம் என் கையில சாகக் கூடாதுப்பா என்றாள். உன்னோடு சீப்புக்குச் சண்டை போட்ட பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதில் கோச் வேறு பாதியில் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக நூலகர் அம்மாவைப் போட்டிருக்கிறார்கள். விளையாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அவர் பொறுப்பில்தானே இருக்கின்றன என்பது முதல்வரின் வாதம். நல்ல மனுஷி, ஆட்டத்தைப் பற்றி எல்லாம் படித்து வைத்திருக்கிறார், ஆனால் இருபது வருஷம் நூலகத்தில் இருந்ததில் அவருக்குக் குரலே எழும்புவதில்லை. ஆட்டத்துக்கு நடுவே பிள்ளைகளைக் கூப்பிட்டு ரகசியம் போலக் குசுகுசுவென்று சொல்வார். பிள்ளைகளும் பதிலுக்குக் குசுகுசுப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரையோ பற்றிப் புறம் பேசுவது போலத்தான் இருக்கும்.

சரி, என் லட்சணத்தைச் சொல்கிறேன். முதல் ஆட்டத்துக்கு வேனை எடுத்தேன். போகிற வழி என் பழைய பஸ் தடமேதான். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள், நானும் உற்சாகமாக ஓட்டினேன். முதல் நிறுத்தத்தில் கடிகாரக் கடைக்காரர் கை காட்டினார். கை காட்டினால் நிற்காமல் போக என் காலுக்குத் தெரியாதே, நின்றுவிட்டேன். அவரும் வழக்கமாக என் வண்டியில் ஏறுகிறவர், ஏறி உட்கார்ந்துவிட்டார். அடுத்ததில் துடைப்பக்காரர் நாற்பது துடைப்பத்தோடு ஏறினார். அதற்கடுத்து பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் பெண். பின்னாலிருந்து பிள்ளைகள் கத்தியது எனக்குக் கேட்கத்தான் செய்தது, ஆனால் வண்டிக்குப் பின்னாலிருந்து யாராவது கத்துவது முப்பத்தொரு வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம் இல்லையா, காதில் வாங்கவில்லை. பதினொரு நிறுத்தத்திலும் நின்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருபத்தைந்து நிமிடம் தாமதம். வராத அணி தோற்ற அணி என்று நடுவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு பந்தைக்கூடத் தொடாமல் ஒரு தோல்வி, அதுவும் என்னால். சின்னவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இதற்கு அம்மா ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். நம் கண்டக்டர் மாமாவும் ஓய்வு பெற்றுச் சும்மாதானே இருக்கிறார், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் நிற்காமல் போகச் சொல்வார் என்றாள். அவரும் பழைய விசிலைத் தேடி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்து ஏறினார். முதல் நிறுத்தம் வந்தது, மாமா தன்னை அறியாமல் ஒரு விசில் அடித்தார், நானும் என்னை அறியாமல் நின்றேன். பிறகு இரண்டு விசில் அடித்தார், கிளம்பினேன். இப்படியே பதினொன்றும். அம்மாவின் யோசனையால் வண்டி இன்னும் ஒழுங்காக நின்றதுதான் மிச்சம். கடைசியில் நூலகர் அம்மா ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவோம் என்று குசுகுசுத்தார், அதுதான் நடைமுறைக்கு வந்தது. ஏறியவர்கள் வேன் எங்கே போகிறது என்றுகூடக் கேட்பதில்லை. வந்த இடத்தில் ஆட்டம் நடந்தால் உட்கார்ந்து பார்ப்பதும், திரும்பும்போது ஏறிக்கொள்வதுமாக அவர்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. விதி ஒன்றும் தெரியாது. நம் பிள்ளை தவறு செய்து நடுவர் விசில் அடித்தாலும் கைதட்டுவார்கள், கண்டக்டர் மாமாவோ, யாரோ இறங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

இரண்டாவது ஆட்டத்தில் அறுபத்தொன்றுக்குப் பத்தொன்பது என்று தோற்றோம். மூன்றாவதில் நடந்ததை எழுத எனக்கே கை கூசுகிறது. நம் பிள்ளைகள் ஒரே கூடையில் பழகியவர்கள் இல்லையா, பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறியதும் அந்த நெட்டைப் பெண் பழக்க தோஷத்தில் பந்தை அழகாகக் கொண்டுபோய் நம் கூடையிலேயே போட்டுவிட்டாள். துடைப்பக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். நான்காவது, ஐந்தாவதிலும் தோல்விதான், ஆனால் பன்னிரண்டு புள்ளியில், பிறகு ஐந்து புள்ளியில். வித்தியாசம் குறைந்துகொண்டே வந்ததை நாங்கள் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

கடைசி ஆட்டத்தன்று காலையில் சின்னவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நிக்காம போங்கப்பா, துடைப்பத்துக்கு நடுவுல உட்கார்ந்து போய் எப்படிப்பா ஆடுறது என்று கெஞ்சினாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, மாமாவிடம் சொல்லாமல், புறவழிச் சாலையில் ஓட்டினேன். அதில் நிறுத்தமே கிடையாது. ஐம்பது நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். ஆனால் அந்தப் பெரிய விளையாட்டு மண்டபத்தில் எங்களுக்காகக் கைதட்ட ஒரு ஜீவன் இல்லை. எதிரணிக்கு முரசு என்ன, கொடி என்ன, இந்தப் பக்கம் நான் ஒருவன், ஒரு ஆள் கைதட்டினால் கொசு அடிப்பது போல இருக்கிறது. பாதி ஆட்டத்தில் இருபத்தொன்பதுக்குப் பன்னிரண்டு. நூலகர் அம்மா என்ன குசுகுசுத்தும் பிள்ளைகளின் முகத்தில் ஈயாடவில்லை. சின்னவள் ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அப்போது வாசலில் சத்தம். வழக்கமான இடத்தில் நின்று நின்று பார்த்துவிட்டு, வேன் வராததால் மாமா டவுன் பஸ்ஸில் ஏறி, நிறுத்தம்தோறும் காத்து நின்ற எல்லோரையும் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பதினேழு பேர், நாற்பது துடைப்பம். என்னைப் பார்த்து மாமா, என்ன டிரைவரே, ஸ்டாப்ல ஆளு நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா என்றார், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன்பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல. கொடிக்குப் பதில் துடைப்பம் ஆடியது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், சிரித்ததும் கால் ஓட ஆரம்பித்துவிட்டது. நாற்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று வரை வந்துவிட்டோம். எதிரணிப் பெண்ணுக்குத் தனியாக நின்று போடும் பந்து ஒன்று கிடைத்தது, போட்டால் இன்னொரு புள்ளி. எங்கள் ஆட்கள் ஊளையிட்டார்கள். நூலகர் அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை, திரும்பி உதட்டில் விரலை வைத்து உஷ் என்றார். அந்த உஷ்ஷுக்கு இருபது வருஷ சர்வீஸ் இருக்கிறதே, முரசு உட்பட மண்டபமே அடங்கிவிட்டது. திடீரென்று இப்படி ஒரு அமைதி விழுந்ததில் அந்தப் பெண் மிரண்டு, பந்தை வளையத்துக்குப் பக்கத்தில்கூடப் போடவில்லை.

பந்து நம்மிடம், மீதி ஒன்பது விநாடி. எல்லாப் பிள்ளைகளும் ஓரமாகவே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மேல்படியில் நின்ற மாமா அடிவயிற்றிலிருந்து கத்தினார் பார், நடுவுல காலியா இருக்கு, உள்ள போ உள்ள போ என்று. உன் தங்கை குழந்தையிலிருந்து நம் பஸ்ஸில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா, யோசிக்கவே இல்லை, நேராக நடுவுக்குள் ஓடினாள். உண்மையிலேயே காலியாகத்தான் இருந்தது. நெட்டைப் பெண் பந்தை அவளிடம் எறிந்தாள், இவள் எம்பிப் போட்டாள், விழுந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம். கடிகாரக் கடைக்காரர் அழுதார், நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போதுதான் சின்னவள் சொன்னாள். பந்து விழுந்ததும் நான் எழுந்து நின்று மண்டபம் அதிரக் கத்தியது அவள் பெயரை இல்லையாம், உன் பெயரையாம். மூன்று முறை கத்தினேனாம். நான் போட்ட பந்துக்கு அக்கா பேரா என்று முதலில் முறைத்தாள். பிறகு, சரி, அது அவளுக்குச் சேர வேண்டியது, நீங்களே எழுதி அனுப்பிடுங்கப்பா என்றாள். இதுதான் அந்த விஷயம்.

உன் கடைசி ஆட்டத்துக்கு நீ என்னை வரச் சொன்னாய், நான் டூட்டி என்றேன். நீ ஆடிய நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட வந்ததில்லை. அன்று நாலு நாற்பது டிரிப்பில் உங்கள் கல்லூரி வாசல் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, டயரைப் பார்ப்பது போல இறங்கி மூன்று நிமிடம் நின்றேன். மாமாவுக்குப் புரிந்துவிட்டது, விசில் அடிக்கவில்லை. உள்ளே பெரிய ஆரவாரம் கேட்டது. அது நம் பிள்ளைக்கா எதிராளிக்கா என்று தெரியாமலே வண்டியை எடுத்தேன். வீட்டுக்கு வந்து உன்னைச் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன், நீயும் சாப்பிட்டேன் என்றாய். கடைசிக் கூடையைப் போட்டது நீதான் என்று மறுநாள் அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த மூன்று நிமிடத் தாமதத்துக்கு எனக்கு வந்த மெமோ இன்னும் பீரோவில் உன் சான்றிதழ்களோடுதான் இருக்கிறது. கூப்பிட்ட இடத்துக்கு வராமல் போனேன் மகளே, அது என் தப்புதான்.

முதல்வர் கூடையை மாட்ட ஆள் அனுப்பியிருக்கிறார். நீ தண்ணீர் நிறையக் குடி, குளிரில் காதை மூடிக்கொள், இது அம்மா எழுதச் சொன்னது. அங்கே ஆபீஸ்காரர்களோடு சனிக்கிழமை சாயங்காலம் கூடைப்பந்து ஆடுகிறேன் என்றாயே, அது எத்தனை மணிக்கு, எந்த இடம் என்று மறக்காமல் எழுது. அடுத்த மாதம் நாங்கள் வரும்போது முதல் வேலையாக அங்கேதான் வருவேன், ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பேன். விமானம் நடுவில் எங்கும் நிற்காதாம், விசாரித்துவிட்டேன். நீ எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மூன்று நிமிடம் தாமதமாக வந்த
உன் அப்பா