சிதறால் மலையில் பத்மா அண்ணியின் நோன்பு

நான் எழுதியதையெல்லாம் முதலில் படித்துத் திருத்திய என் தரணேந்திரன் அண்ணனுக்கு,

மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ படகு வந்துவிட்டது. நம் பத்திரிகை அலுவலகத்துக்கு எதிரே இருந்த மிளகுக் கிடங்கு இப்போது காபிக் கடை. இதெல்லாம் சில்லறைச் செய்தி. தலைப்புச் செய்தி வேறு. போன வாரம் அண்ணியை ஒரு மலைமேல் இழக்கப் பார்த்தோம்.

ஓய்வு பெற்றதும் சிதறால் மலைக்குப் போகலாம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பாறையில் பார்சுவநாதர், அவருடைய காவல் தெய்வங்களான இயக்கன் தரணேந்திரன், இயக்கி பத்மாவதி. “நம்ம கல்யாணத்த அப்பவே கல்லுல செதுக்கிட்டாங்க” என்பீர்கள். உங்கள் முதல் நினைவு நாளில் போயே தீருவேன் என்று அண்ணி நின்றார்.

அன்று நோன்பு. உங்கள் வீட்டுச் சமண நோன்பு எனக்குத் தெரியும்: சாப்பாடு கிடையாது, காய்ச்சிய தண்ணீர் மட்டும், அதுவும் பொழுது விழும்வரைதான். ஆனால் அண்ணியின் சிறுநீரகம் பழையபடி இல்லை. தண்ணீர் குறையவே கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் பெரிய ஃபிளாஸ்க் நிறையக் காய்ச்சி எடுத்துக்கொண்டார்.

நாலு மணிக்கும் தணியாத கடும் வெயிலில் ஏறினோம். குகைக்கோயில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பாம்புக் குடையின் கீழ் இருந்த பார்சுவநாதரை அண்ணி வெகுநேரம் பார்த்தார். பிறகு நிழலில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தார். உள்ளே பனிக்கட்டி மிதந்தது.

“வெந்நியா இருந்துச்சும்மா” என்றார் டிரைவர் முருகேசன். கம்பம் ஊர்க்காரர், கொச்சிக்குப் புதிது. “இந்த வேக்காட்டுல யாரு குடிப்பான்னு அடிவாரக் கடையில கொட்டிட்டு ஐஸ் வாட்டர் ரொப்பினேன்.”

நான் வாயைத் திறக்குமுன் அண்ணி தடுத்தார். “நல்ல மனசுல செஞ்சிருக்கான். ஏசாத தம்பி.”

இறங்கிவிடலாம் என்று எழுந்தவர் இரண்டடியில் சரிந்தார். கை சில்லிட்டிருந்தது, பேச்சு குழறியது. முருகேசன் வெந்நீருக்காக அடிவாரத்துக்கு ஓடினார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அதுவும் அடிவாரம் வரைதான் வரும்.

“உயிருக்கு ஆபத்துன்னா விட்டுக்கொடுக்கலாம்னு அண்ணனே சொல்வாரே, அண்ணி. இந்தத் தண்ணியையே ஒரு வாய் குடிங்க.”

“அவரு சொல்வாரு. எதையும் அடிச்சுத் திருத்தற ஆளு. நான் எடுத்த நோன்பு, நான்தான் முடிக்கணும்.”

வற்புறுத்தி வாயில் ஊற்றியிருக்க வேண்டுமா? நீங்கள் இருந்தால் ஊற்றியிருப்பீர்களா? கடல் பக்கம் மேகம் திரண்டது. வெயில் மங்க மங்க, படிப்பாதையில் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

முருகேசன் வந்தபோது அவருக்கு மூச்சு முட்டியது. “கண்ணு முன்னால கொதிக்க வச்சு வாங்கிட்டு வர்றேன், சாரே!” ஆவி பறந்தது. வாய் வைக்க முடியாத சூடு. டீக்கடையில் வாங்கிவந்த இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினார். பாதி அவர் கையில் கொட்டியது.

மேகத்துக்குள் சூரியன் எங்கே என்று தெரியவில்லை.

“பொழுது இருக்கா தம்பி?”

“தெரியல அண்ணி.”

“இத்தன வருஷம் பேப்பர்ல எழுதின ஆளு. சூரியன் இருக்கா இல்லையான்னு சொல்லத் தெரியலயாக்கும்?” அந்த நிலையிலும் கேலி. பிறகு உள்ளங்கையை நீட்டினார். “கைரேகை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் பகல்தான். பாத்துச் சொல்லு. பொய் சொல்லாத.”

குனிந்து பார்த்தேன். எதையும் இவ்வளவு நிதானமாகப் பார்த்ததில்லை.

“ஒரு ரேகை தெரியுது.”

“எது?”

“நடுவுல இருக்கறது. மத்ததெல்லாம் மங்கல்.”

“ஒண்ணு தெரிஞ்சா போதும்” என்று டம்ளரை வாங்கினார். சொட்டு விடாமல் குடித்து முடித்தார். இரண்டாவது டம்ளருக்கு இருட்டிவிட்டது. அதை அவர் தொடவில்லை. இருவருமாகத் தூக்கி இறக்கினோம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வீட்டில், முருகேசனை அதட்டிச் சாப்பிட வைக்கும் அளவுக்குத் தேறியிருக்கிறார்.

நான் பார்த்தது உண்மை அண்ணே. அந்த ரேகை தெரியாமல் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நோன்பை விடச் சொல்லி இனி அண்ணியிடம் கேட்க மாட்டேன். நோன்பு நாளில் மலையேற விடவும் மாட்டேன். இரண்டில் எதற்குச் சண்டை வந்தாலும் திட்டு வாங்கிக்கொள்ள நான் இருக்கிறேன்.

அண்ணியின் கொழுந்தனாகவும் உங்கள் தம்பியாகவும்,
சுந்தரம்
மட்டாஞ்சேரி