அப்பாவின் கண் நரம்பு

3 ஏப்ரல் 1957
அப்பாவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், உள்ளே தெரிந்த நரம்பைத் தாளில் வரைந்தார். "புரை முத்தினதும் எடுத்துடலாம். ஆனா பின்னால இருக்கிற நரம்பு மெலிஞ்சு வெளுத்திருக்கு. பார்வை திரும்புமான்னு சொல்ல முடியாது." திரும்பும் வழியில் துக்காங் எமாஸ் தெருக் கோயிலில், பிள்ளையார் முன்னால் அப்பா நெடுநேரம் நின்றார்.

5 ஏப்ரல்
செய்தி எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. அப்பாவின் அக்கா, பாக்கியம் அத்தை, ஓடி வந்தாள். "தம்பி, கண்ணு தெரியிறப்பவே பத்மினிய மாலையும் கழுத்துமா பார்த்துடு." நோய் அப்பாவின் கண்ணில். மருந்து என் கழுத்தில்!

ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருப்பதை நினைவூட்டினேன். "கல்யாணத்துக்கு அப்புறம் படிச்சுக்கலாம்லா" என்றாள். அப்படிப் படித்தவள் ஒருத்தியின் பெயரைச் சொல்லட்டும் பார்ப்போம்.

12 ஏப்ரல்
செங் என்ற ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஜெயபாலன், எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி. நல்லவராம். கெட்டவர் என்று சொல்லிக்கொண்டு யார் வருவார்கள்? முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்பா காப்பிக் கோப்பை எங்கே என்று மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். தலையாட்டிவிட்டேன்.

26 மே
அப்பா கண்குளிரப் பார்க்க வேண்டிய கல்யாணம் முடிந்தது. இதற்குள் புரை நன்றாகவே முற்றிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "தாலி கட்டியாச்சா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டாராம்.

15 ஜூலை
பயிற்சி வகுப்பு இன்று தொடங்கியது. நான் மாமியாருக்கு மீன் ஆய்ந்து கொடுத்தேன்.

31 ஆகஸ்ட்
ஊரெல்லாம் மெர்டேக்கா முழக்கம். அப்பாவுக்கு அறுவை முடிந்து சில நாள்தான் ஆகிறது. தலையின் இருபுறமும் மணல் மூட்டை, கண்ணில் கட்டு, அசையக் கூடாது. நாட்டுக்கு விடுதலை, அப்பாவுக்கு இல்லை. "காதாலயே பார்த்துட்டேன்" என்று சிரித்தார்.

12 அக்டோபர்
டாக்டர் நரம்பை மறுபடி வரைந்து, பழைய படத்தின் பக்கத்தில் வைத்தார். புதியதில் நரம்பு கொழுகொழுவென்று இருந்தது.

"வளர்ந்திருச்சா டாக்டர்?"

"இல்லம்மா. எப்பவும் இப்படித்தான் இருந்திருக்கு. அன்னைக்குப் புரை வழியா மங்கலாப் பார்த்து, மெலிஞ்சிருச்சுன்னு நினைச்சுட்டேன். இனிமே இந்தப் படத்தைத்தான் கணக்குல வச்சுக்கணும்."

அப்பாவுக்குக் கண் போகாது — எவ்வளவு சந்தோஷம்! அங்கேயே அழுதுவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் மற்றது உறைத்தது. புரை அப்பாவுக்கு. அதனால் பார்வை மங்கியது டாக்டருக்கு. கல்யாணம் எனக்கு. யாரைக் கோபித்துக்கொள்வது?

20 அக்டோபர்
தடித்த கண்ணாடியோடு அப்பா செங் வந்தார். கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அழுதிருக்கியேம்மா."

"ஓமப்புகைப்பா."

இன்னும் கிட்டப் போனார்.

"அதே புகையிலதானே மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தாரு?"

டாக்டரின் விளக்குகூட இவ்வளவு உள்ளே போனதில்லை. காப்பி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.