கை வலித்த பக்கங்கள்

மகள் வீட்டிலேயே தங்கிவிட்ட என் மனைவிக்கு,

புது நாவலைப் பதிப்பாளரிடம் கொடுத்தேன். இப்போதெல்லாம் நான் வாயால் சொன்னால் போதும், கைபேசியே எழுத்தாக்கிவிடுகிறது. அவர் படித்துவிட்டு, "பிழையே இல்ல சார், உயிரும் இல்ல" என்றார். வந்த கோபத்தில் பழைய நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளைப் பரணிலிருந்து இறக்கினேன்.

என் கோழிக் கிறுக்கலை நீதானே படியெடுப்பாய். நடுவில் திடீரென்று, "கை வலிக்குதுங்க, மிச்சம் நாளைக்கு" என்று பேனாவை மூடிவிடுவாய். சும்மா இருக்க முடியாமல் நான் அந்தப் பக்கத்தையே திரும்பப் படிப்பேன். சகிக்காது, அடித்துவிட்டு வேறு எழுதுவேன். மறுநாள் உன் வலி பறந்திருக்கும். இப்போது எடுத்துப் பார்த்தால், நீ நிறுத்திய இடங்களிலெல்லாம் ஓரத்தில் தேதி போட்டிருக்கிறாய். அத்தனையும் நான் அடித்துத் திருத்திய பக்கங்கள். நல்ல பக்கத்தில் உனக்கு ஒருநாளும் கை வலித்ததில்லை.

மரமண்டை நான், உன் கைக்கு ஓய்வு கொடுக்கத்தான் கணினி வாங்கினேன். "இனிமே உனக்கு வேலையே இல்ல" என்று பீற்றிக்கொண்டேன். நீ "சரிங்க" என்றாய்.

புது நாவலின் முதல் அத்தியாயத்தைக் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். படியெடுக்க வேண்டாம். எங்கே கை வலிக்கிறது என்று மட்டும் எழுது.

உன்,
கோழிக் கிறுக்கல்காரன்