ஒரே அடுப்பு

ஈப்போ, 4.10.79
இன்றும் கூடத்தில் ஜெபமாலை. வருடா வருடம் அக்டோபர் முழுக்க இப்படித்தான். அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து பாட்டு வேறு. டிசம்பரில் டிப்ளோமா பரீட்சை; மோட்டார் சுற்றுப் படம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கார ஆலிஸ் அக்காவிடம் நேராகச் சொன்னேன்: "சத்தத்தக் கொறைங்கக்கா." "சரி தம்பி" என்றார். பேசினால் தீராத விஷயம் உண்டா?

7.10.79
சமையல்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கிறார்கள். பாட்டு இல்லை. நிம்மதி.

11.10.79
இந்து வாலிபர் மன்றத்தின் தீபாவளி விருந்தில் சகிப்புத்தன்மை பற்றி நான் பேச வேண்டுமாம். நல்ல உதாரணம் நானே. கோயிலுக்குப் போகிறவன், இரண்டு வருடமாகக் கத்தோலிக்க வீட்டில் குடியிருக்கிறேன்.
நூலகத்தில் அகராதி பார்த்தேன். ஆங்கிலத்தில் டாலரேஷன்: லத்தீன் மூலம். தாங்குவது, சுமப்பது. தமிழிலும் அப்படியே, பொறு என்றால் தாங்கு, பொறை என்றால் சுமை. அன்பு, நட்பு எதுவும் மூலத்தில் இல்லை. பிடிக்காததைத் தாங்குவது, அவ்வளவுதான். பொய் இல்லாத சொல். ஆனால் சுமை என்றால் யார் தலையில் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமே?

16.10.79
நான் வேலை பார்க்கும் பட்டறையில் தேநீர் நேரம். கஸ்பார், ஆலிஸ் அக்காவின் தம்பி, காம்பாரிலிருந்து வேலைக்கு வருகிறவன். நான் எழுதிய பேச்சைப் படித்துச் சிரித்தான்.
"நீ சகிச்சுக்கிறியா மச்சான்? எங்க அத்தானுக்கு மாட்டிறைச்சி திங்கணும்னா பஸ் ஏறி எங்க வீட்டுக்குத்தான் வர்றாரு லா. ரெண்டு வருசமா. ஒன்னால."
நான் கேட்கவே இல்லையே. கேட்காமல் செய்தால் அதுக்கு நான் என்ன பண்ண? — சே.

17.10.79
அக்காவிடமே கேட்டேன். வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.
"ஒன்னைக் கொண்டாந்து விட்டப்ப ஒங்கம்மாகிட்ட வாக்குக் குடுத்தேன். இருக்கிறது ஒரே அடுப்பு. நான் மாட்டிறைச்சி வச்சா அவங்க இங்க பச்சத்தண்ணி குடிப்பாங்களா? ஒன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க."
"என்கிட்ட சொல்லலியே?"
"சொல்லிக்கிட்டா செய்வாங்க?"
அக்காவின் கணவர் சவரிநாதன் அண்ணே பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அவ ஆட்டுக்கறி நல்லாத்தான் வைப்பா, விடு லா" என்றார்.
ஜெபத்தையாவது கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். "ஒன் பரீட்சை முடியட்டும்." அதுவும் அவர் தலையில்.

28.10.79
விருந்து. எழுதியதைக் கிழித்துவிட்டேன். சொல்லின் மூலத்தைச் சொன்னேன். "நான் சகிப்பதாக நினைத்திருந்தேன். என்னைத்தான் சகித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியக்கூட இல்லை" என்று உட்கார்ந்துவிட்டேன். கைதட்டல் சுமார்.

2.12.79
ஊருக்கு, பாகான் டத்தோவுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கிறிஸ்மஸுக்கு அக்கா வீட்டில் மாட்டிறைச்சி வைக்கட்டும். நான் திங்க மாட்டேன். ஆனால் அங்கேதான் இருப்பேன். வாங்கின வாக்கை நீ விட்டுக்கொடு.
"ஒனக்கு வேற ரூமே கெடைக்கலியா?"
கிடைக்கும். வேண்டாம்.
அம்மா எழுந்து போய்க் கோழிகளை அடைத்தாள்.

25.12.79
பரீட்சை முடிந்தது. கூடத்தில் ஜன்னல் திறந்து பாட்டு.
அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள், கையில் தூக்குச்சட்டி. அம்மாவிடம் சொல்லியாயிற்று என்று நான் வற்புறுத்தியதில் அக்கா வைத்த மாட்டிறைச்சி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அம்மா, எல்லோரும் சாப்பிடுகிற அதே மேசையில் ஓரமாக உட்கார்ந்து, தன் புளிச்சோற்றைத் திறந்து எனக்குப் பாதி வைத்தாள்.
வாடை எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போகவில்லை.
சாப்பாடு முடிந்ததும் அக்கா மெதுவாகக் கேட்டார், "கோப்பி கலக்கட்டுமாம்மா?"
அம்மா அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"கலக்கு. சீனி கம்மியா."