நீ வேண்டாம் என்றபோது நான் சொன்னது

அம்மா, என் தங்கமே,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நீ இருந்தபோது சொல்லத் துணியாததை இப்போது எழுதுகிறேன்.

குளியலறையில் வாளியைத் தூக்கும்போது உன் முதுகுத்தண்டில் ஓர் எலும்பு நொறுங்கியதே, அதில் தொடங்கியது எல்லாம். எலும்பு வலுவிழந்துவிட்டது, ஊசி வழியாகச் சிமெண்ட் செலுத்தி நிறுத்தலாம் என்றார் டாக்டர். "சிமெண்டா? நான் என்ன உங்கப்பாவோட அலிப்பூர் ஆபீஸ் கட்டடமா?" என்று அந்த வலியிலும் கேட்டாய்.

முழு மயக்கம் கொடுக்க மாட்டார்கள். கால் மரத்தாலோ மூச்சு முட்டினாலோ நீதான் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் கல்கத்தாவில் இருந்தும் உன் வங்காளம் கரியாஹாட் காய்கறிக் கடையோடு நின்றுவிட்டது. அதனால் எனக்கும் எக்ஸ்ரே அறையின் கனத்த அங்கியை மாட்டி, உன் தலைமாட்டில் நிறுத்தினார்கள்.

குப்புறப் படுத்திருந்தாய். டாக்டர் ஊசியை எடுத்தார்.

"வேண்டாம்டி. எழுப்பி விடு. வீட்டுக்குப் போயிடலாம்."

"மாஷிமா என்ன சொல்றாங்க?" என்று உன்னைப் பெரியம்மா முறை வைத்துக் கேட்டார் அவர்.

"ஆரம்பிக்கலாம்னு சொல்றாங்க" என்றேன், வங்காளத்தில். உனக்குப் புரிந்ததா அம்மா?

மறுநாளே நடந்தாய். "என் பொண்ணு பக்கத்துல நின்னா, பயமே இல்ல" என்று எல்லோரிடமும் சொன்னாய். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

இரண்டு மாதத்தில் அதற்கு மேலே இருந்த எலும்பும் நொறுங்கியது. "இன்னொரு தடவை என்னைக் குப்புறப் போடாதே" என்றாய். இந்த முறை அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. படுத்தபடியே கிடந்தாய். நெஞ்சில் சளி கட்டியது. மூன்று வாரம்தான்.

பொய் சொன்னேன், நடந்தாய். உண்மையைச் சொன்னேன், போய்விட்டாய். இதில் எது என் குற்றம்?

நேற்று ஜாதவ்பூரிலிருந்து நம் தமிழ்க்காரப் பையன் ராகவன் வந்தான். உன்னைப் போலவே வங்காளம் வராத அவன் அம்மாவுக்கும் இதே முறிவு, நாளை இதே சிகிச்சை. "அக்கா, எனக்கு உள்ளே நிற்கத் தைரியம் இல்ல. நீங்க நில்லுங்க. அம்மா பயந்து ஏதாவது சொன்னா, கொஞ்சம் சமாளிச்சுடுங்க" என்றான்.

சமாளிக்கத் தெரிந்தவள் என்று என் முகத்தில் எழுதியிருக்கிறதா?

போகிறேன் அம்மா. ராகவனின் அம்மா வேண்டாம் என்றால், வேண்டாம் என்றே டாக்டரிடம் சொல்வேன். பிறகு குனிந்து, "எதுக்கு பயமா இருக்கு, சொல்லுங்க" என்று கேட்பேன். அவர் சொல்லி முடிக்கும்வரை யாரையும் ஊசியை எடுக்க விடமாட்டேன். இரண்டு முறையும் உன்னிடம் நான் அதைக் கேட்கவில்லை.

உன் பக்கத்தில் நின்ற மகள்,
உமா