பூஜைத் தட்டில் வைக்காத குழாய்

போய்ச் சேர்ந்தவளுக்கு,

சந்தன வாசனையும் பேட்டரி ஆசிட் நெடியும் ஒன்றாகக் கலந்து வந்தால் எனக்கு உன் ஞாபகம் வரும். வருஷத்துக்கு ஒரு நாள் அது வந்தே தீரும். இன்றைக்கு ஆயுத பூஜை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற என் பேட்டரிக் கடையில் ஸ்பானர், கொறடு, மீட்டர் எல்லாவற்றையும் துடைத்து, பொட்டு வைத்து, தட்டில் அடுக்கியாயிற்று. ஒன்றை மட்டும் வைக்கவில்லை. பேட்டரிக்குள் விட்டு ஆசிட் உறிஞ்சி, எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்கிறது என்று பார்க்கிற கண்ணாடிக் குழாய். அது என் மேஜை டிராயரில் கிடக்கிறது. எந்த வருஷமும் அதை நான் தட்டில் வைப்பதில்லை.

கடையில் வேலை பார்க்கிற பெண் சாமி படத்துக்குப் போட சீரியல் செட்டை எடுத்துக்கொண்டு வந்து, ஓடிக்கொண்டிருந்த சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஷாக் அடிச்சிச்சா?"

அடித்தது, முப்பது வருஷத்துக்கு முன்னால் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ செத்து மூன்று மாதம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டுமாம். உன்னிடம் நல்லது கொஞ்சம் இருந்தது, அதையும் எழுதுகிறேன். மிச்சத்தை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பதினோராம் வகுப்பில் பிசிக்ஸ் மிஸ் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அம்பத்தூர்ப் பக்கத்துப் பட்டறை முதலாளிகள் சிலர் சேர்ந்து பள்ளிகளுக்கு நடத்திய போட்டி. பிள்ளைகளே மின்சாரக் கார் செய்ய வேண்டும். இரண்டு லாரி பேட்டரிதான். ஒரு மணி நேரத்தில் யார் அதிகச் சுற்று ஓட்டுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. பெயர் கொடுத்த பள்ளிகளில் பெண்கள் பள்ளி நம்முடையது ஒன்றுதான். ஐந்து பேர் சேர்ந்தோம். சென்னீர்குப்பத்தில் உங்கள் அப்பாவின் லேத் பட்டறை இருந்ததால் நீ தலைவி. ஒயர் வேலை எல்லாம் நான்.

உங்கள் அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "பொம்பளப் புள்ளைங்களுக்குப் பட்டறைல இன்னா வேல?" என்று வாசலிலேயே மறித்தார். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். "நீ வச்ச வெல்டிங்கு ரெண்டு தபா உட்டுப்போச்சு நைனா. அவ முறுக்கின ஒயரு ஒண்ணாச்சும் உட்டுச்சா, சொல்லு" என்றாய். அவர் சிரித்துவிட்டு வழிவிட்டார். நான் சொன்ன நல்லது இதுதான். அந்த ஒரு பேச்சுக்காக உன் பின்னால் எங்கே வேண்டுமானாலும் வந்திருப்பேன், வந்தும் தொலைத்தேன்.

தண்ணீர்க் குழாயில் சட்டம், சைக்கிள் சக்கரம், ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்ட, சாமான் இழுக்கிற பேட்டரி வண்டியின் மோட்டார். யார் ஓட்டுவது என்று சண்டை வந்தபோது மிஸ் நம்மை ரேஷன் கடைத் தராசில் ஏற்றிவிட்டார். எடை குறைந்தவள்தான் ஓட்ட வேண்டும். முப்பத்தெட்டு கிலோ, நான்தான். அரிசி வாங்க வந்தவர்கள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

என் அப்பாவை உனக்குத் தெரியும். அயனம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அவர் காலத்தில்தான் கம்பெனி வேலைக்கு வந்தது. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படிக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அவர் காது புளித்துப் போயிருந்தது. கடைசியில் ஒரு நாள் சொன்னார், "அந்தக் காரை ஓட்டி ஜெயிச்சுகினு வா. நானே உன்னெ இட்டுகினு போய் சேக்கறேன்." இதை நான் முதலில் சொன்னது உன்னிடம்தான். எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் நீ எதையும் செய்யவில்லை.

விஜயதசமி நல்ல நாள் என்று போட்டியை அன்றைக்கு வைத்தார்கள். அதனால் முந்தின நாள் ஆயுத பூஜை. மத்தியானம் நான்தான் பட்டறையில் பேட்டரிகளை சார்ஜரில் போட்டேன். விடிய விடிய ஓடினால்தான் முழுசாக ஏறும். நல்லதாக இருந்த பிளக் பாயிண்ட் அங்கே ஒன்றுதான். சாயங்காலம் காருக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, ஸ்பானரிலிருந்து என் கண்ணாடிக் குழாய் வரை எல்லாவற்றையும் உங்கள் அப்பா தட்டில் வைத்துவிட்டார். மறுநாள் ஒன்பது மணிக்கு மேல் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் தட்டைத் தொடலாம் என்றார். நான் கிளம்பும்போது உன்னிடம் சொன்னேன், "சார்ஜரு மட்டும் ஓடட்டும்டி. விடிஞ்சதும் நீயே நிறுத்து." நீ என் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தாய்.

காலையில் ஆறரைக்கு வந்தபோது காரை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். பேட்டரியிலிருந்து கிளிப்பைக் கழற்றியாயிற்று. "ராத்திரி பூரா ஓடிச்சு. அஞ்சு மணிக்குத்தான் நிறுத்தினேன்" என்றாய். சும்மா ஒரு தடவை குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்று தட்டுப் பக்கம் போனேன். உங்கள் அப்பா, "காரு ஓடப்போறது, அத்த எடுத்துக்கலாம். தட்டுல கீற சாமானைத் தொடாதம்மா, ஆவாது" என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். டெம்போ கிளம்பியது. என் தப்பு அவ்வளவுதான். அதை நான் எந்த நாளும் மறைத்ததில்லை.

முதல் அரை மணி நேரம் நாம்தான் முன்னால். கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் அப்பா சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. அப்புறம் கார் மெதுவானது. மேட்டில் முனகியது. மைதானத்தின் தூரக் கோடியில் பொசுக்கென்று நின்றுவிட்டது. பின்னால் வந்த பையன்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டினார்கள். ஒருத்தன், "இன்னாமே, ஊடு வந்துச்சா? எறங்கலையா?" என்று கத்திக்கொண்டே போனான். போட்டி முடியும் வரை நான் அந்த சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கினால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் பட்டறைக்குத் திரும்பினோம். சாமி படத்தைச் சுற்றி சீரியல் செட் சிவப்பும் பச்சையுமாக இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அந்த ஒரே பாயிண்டில் அதன் பிளக். சார்ஜர் பிளக், முந்தின ராத்திரி சாமி படத்துக்குப் போட்ட மாலைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீ பார்த்தாய்.

"பூஜைக்குப் புடுங்கினேன்டி. திருப்பிப் போட மறந்துட்டேன். காலையிலதான் பார்த்தேன். பயமா இருந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "இப்ப யாராண்டயும் சொல்லாத. நைனா என்னக் கொன்னுடுவாரு. ஸ்கூல் தொறந்ததும் மிஸ்ஸாண்ட நானே சொல்லிடறேன்."

மறந்ததற்கு நான் உன்னைக் கோபிக்கவில்லை. நானும்தான் எத்தனையோ மறந்திருக்கிறேன். காலையில் உண்மையைச் சொல்லியிருந்தால் டெம்போவை ஒரு மணி நேரம் நிறுத்தி ஏதாவது செய்திருக்கலாம், சரி, பயம். அதையும் விட்டுவிட்டேன். நீயே சொல்கிறேன் என்றாயே, அதை நம்பினேன். வீட்டில் அப்பா கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

பள்ளி திறந்த அன்று பிரேயரில் ஹெட்மிஸ்ட்ரஸ் நம் ஐந்து பேரையும் முன்னால் கூப்பிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ நேராகப் பார்த்துக்கொண்டு, "சார்ஜ் பாத்துக்கறது கோமதி பொறுப்பு மேடம்" என்றாய். அவ்வளவுதான். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது, தப்பைச் செய்துவிட்டு இன்னொருத்தி மேல் பழி போடாதே என்று அவர் அதட்டினார். பள்ளிக்கூடமே சிரித்தது. அப்பா என் பேச்சை நம்பவில்லை. "அப்பவே ஏன் சொல்லல?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பாலிடெக்னிக்குக்கு நீ போனாய். நான் டைப்ரைட்டிங் போனேன், பத்தொன்பது வயதில் கல்யாணம்.

பேட்டரியை நான் விடவில்லை. குழந்தைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் ஒரு கடையில் ஆசிட் ஊற்றுகிற வேலைக்குச் சேர்ந்து, கை வெந்து, கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக வைத்தேன். நீ என்னை அழித்துவிடவில்லை என்று தெரிந்துகொள். ஆனால் என் அப்பா செத்தது என்னைப் பொறுப்பில்லாதவள் என்று நினைத்துக்கொண்டு. அதற்கு நான் எந்தக் கடையை வைத்தாலும் ஈடாகாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீ மகளோடு என் கடைக்கு இன்வெர்ட்டர் பேட்டரி வாங்க வந்தாய். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்தாய். மகளிடம் சொன்னாயே, என் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "நாங்க ஸ்கூல்ல காரு ஓட்டினோம்டி. ஆன்ட்டி சார்ஜ் போட மறந்துட்டாங்க, இல்லாட்டி நாங்கதான் ஃபர்ஸ்ட்டு. விடு, சின்ன வயசு, இதுக்கெல்லாம் யாரு கோச்சுக்கறது!" என்று சிரித்தாய். பொய் சொல்கிறோம் என்கிற உறுத்தலே உன் முகத்தில் இல்லை. நீயே அதை நம்பிவிட்டிருந்தாய். அதைவிடக் கொடுமை, என்னை மன்னித்துவிட்டிருந்தாய்! கடை நிறைய ஆட்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒரே யோசனைதான். உன் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உன் வீட்டுக்கே வந்து அவளை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, எத்தனை முறை சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? உன் முகம் வெளுப்பதை நான் பார்க்க வேண்டும், அதுதான் ஆசை. நீயோ நாற்பத்தெட்டு வயதில், ஒரு தலைவலி என்று படுத்து, எழுந்திருக்காமல் போய்விட்டாய். செய்தி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. தப்பித்துவிட்டாளே என்றுதான் வந்தது.

உன் சாவுக்கு நான் மாலையோடு வந்தேன், சொல்ல வேண்டியதையும் கொண்டுதான் வந்தேன். ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாய். கூட்டம் பந்தலில் இருந்தது. பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது, இருபது வருஷம் சார்ஜர் சத்தத்தில் வாழ்ந்தவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. பாயிண்டில் யாருடைய போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

நான் உடனே போடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்றே நின்றேன். மைதானக் கோடியில் நான் உட்கார்ந்திருந்தது போல நீயும் கொஞ்ச நேரம் கிட என்று நின்றேன். கண்ணாடியில் வேர்க்க ஆரம்பித்தது. அப்புறம்தான் குனிந்து போனைப் பிடுங்கிவிட்டு உன் பிளக்கைச் சொருகினேன். மனசு இளகி ஒன்றும் செய்யவில்லை. சார்ஜ் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று சொன்னவள் நீதானே!

அந்த நேரம் பார்த்து உன் தம்பி உள்ளே வந்தார். "யாரு இத்த புடுங்குனது? அறிவு கீதா?" என்று கத்தினார். பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். பிளக்குக்குப் பக்கத்தில் நின்றது நான். எல்லாக் கண்ணும் என் மேல். எனக்கு மறுபடியும் அந்தப் பிரேயர் மைதானம்.

"நான்தான் மாமா" என்றாள் உன் மகள். அழுது வீங்கிய முகத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "போன் சார்ஜ் போடப் புடுங்கினேன். திருப்பிப் போடல. என் தப்பு. ஆன்ட்டிய ஒண்ணும் சொல்லாதீங்க."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கேட்டாயா? உன்னால் ஆயுசுக்கும் முடியாததை அவள் உன் தலைமாட்டிலேயே நின்று சொன்னாள். நான் கொண்டுவந்திருந்த பேச்சை எடுக்கவே இல்லை. மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்பில்தான் அழுதேன். அது உனக்காக இல்லை.

போன வாரம் அவள் போன் செய்தாள். "ஆயுத பூஜைக்கு உங்க கடைக்கு வரட்டுமா ஆன்ட்டி? அந்த ரேஸ் கதைய நீங்க முழுசா சொல்லணும். அம்மா எப்ப கேட்டாலும் பாதியில பேச்ச மாத்திடுவாங்க" என்றாள். வரச் சொல்லிவிட்டேன்.

சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று எதிர்பார்க்காதே. பாவம், தாயில்லாப் பெண் என்று நானும் நாலு நாள் யோசித்துப் பார்த்தேன். என்னால் முடியாது. சீரியல் செட், என் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம், பிரேயர், என் அப்பா, ஒன்று விடாமல் சொல்லப் போகிறேன். உங்கள் அப்பாவிடம் எனக்காக நீ வாதாடியதையும் சொல்வேன், அதை மறைத்தால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன். உன் மகள் தாங்குவாள். அவளுக்குத் தப்பைத் தப்பென்று சொல்லத் தெரியும்.

பொரியும் கடலையும் எடுத்து வைத்தாயிற்று. டிராயரிலிருந்து குழாயையும் எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன், அவளுக்குக் காட்ட. வாசலில் ஒரு மின்சார ஸ்கூட்டர் சத்தமில்லாமல் வந்து நிற்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள். அப்படியே உன் முகம்.

எழுந்து போகிறேன்.

கோமதி